நொடி சார் வந்தா கை மெதுவாகும்

துணி தைக்கிற எங்க ஷெட்ல, எங்க லைனுக்குப் புதுசா ஒருத்தி வந்து சேர்ந்தா, மெஷினை எப்படித் துடைக்கிறதுன்னு சொல்லித் தர்றதுக்கு முன்னாடியே இன்னொண்ணு சொல்லித் தந்துடுவோம். நொடி சார் பின்னால வந்து நின்னா எப்படி மெதுவாத் தைக்கிறதுங்கிறதுதான் அது.

நொடி சார்ங்கிறது நாங்க வச்ச பேரு. டைம் எடுக்கிறவர் அவர். கழுத்துல ஸ்டாப் வாட்ச் தொங்கும். ஒருத்தி துணியை எடுத்து, தைச்சு, தள்ளி வைக்க எத்தனை நொடி ஆகுதுன்னு பார்த்துக் குறிச்சுக்குவார். அதை வச்சுத்தான் மணிக்கு இத்தனை பீஸ்னு டார்கெட் போடுவாங்க. அவர் நிக்கிறப்ப நீ பறந்து பறந்து தைச்சேன்னு வை, அந்த வேகத்தையே தூக்கி உன் தலையில கட்டிடுவாங்க. அப்புறம் தும்மக்கூட நேரம் இருக்காது.

மெதுவாத் தைக்கிறதுன்னா சும்மா இல்ல. தூங்கி வழியிற மாதிரி தைச்சா மாட்டிக்குவோம். முகத்துல சுறுசுறுப்பு இருக்கணும், கையில மட்டும் இருக்கக்கூடாது. துணியை எடுத்ததும் ஒரு தடவை நீவி விடணும். நூலை லேசா இழுத்துப் பார்க்கணும். ஓரம் சரியா இருக்கான்னு குனியணும். பார்க்கிறவங்களுக்கு, அடடா, எவ்வளவு பொறுப்பான பொண்ணுன்னு தோணணும். நொடி சாருக்கும் சந்தேகம் உண்டு. அதனால எங்க டைம்ல கொஞ்சம் கழிச்சுப் போடுவார். அவர் கழிப்பார்னு தெரிஞ்சு நாங்க அதுக்கும் சேர்த்து மெதுவாப் போவோம். இப்படியே ரெண்டு பக்கமும் காதுல பூ சுத்திக்கிட்டு வருஷக்கணக்கா சமாதானமாத்தான் இருந்தோம்.

இதுல நான்தான் பெரிய கில்லாடி. என்னை லைன்ல சைரன்னு கூப்பிடுவாங்க. பேசினா மூணாவது ஷெட் வரைக்கும் கேட்கும், அதனால. மூக்கு மேல கோபம் வேற. ஆனா வாட்ச் வந்துட்டா நான் அப்படியே அடங்கி, பச்சைக் குழந்தைக்குச் சட்டை போடுற மாதிரி பதமாத் தைப்பேன்.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டு இருந்துச்சு. அப்புறம் கெட்ட காலம் வந்துச்சு.

நாங்க தைக்கிற துணி கப்பல்ல ஏறிப் போறது ஒரு பெரிய நாட்டுக்கு, எங்க நாட்டுத் துணிக்கு அங்க வரி கிடையாது. மத்த நாட்டுத் துணிக்கு உண்டு. அந்த ஒரு சலுகையை நம்பித்தான் எங்க ஷெட்டே எழும்புச்சு. வீட்டை விட்டு வெளியே போகாதவளுங்க எல்லாம் கையில சம்பளத்தோட வந்ததும் அதனாலதான், நான் நன்றி கெட்டுப் பேசக் கூடாது. ஆனா ஒரு நாள் அந்தப் பெரிய நாடு எல்லாருக்கும் வரியை எடுத்துட்டுது. சந்தையை எல்லாருக்கும் திறந்து விட்டாச்சுன்னு டிவியில கைகுலுக்கிக் காட்டினாங்க. எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் எங்க ஷெட்ல ரெண்டு லைனை மூடினதுதான். பக்கத்து நாட்டுக்காரன் அதே டி-ஷர்ட்டை நம்மளைவிடக் குறைச்சலாத் தைச்சுத் தர்றானாம். பையர்னு சொல்ற வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு அங்க போயிட்டாங்க. மூடின லைன்ல மெஷினுக்கெல்லாம் பிளாஸ்டிக் ஷீட் போர்த்தி வச்சிருந்தாங்க. கேன்டீனுக்குப் போற வழி அதுதான். தினம் ரெண்டு வேளை அதைப் பார்த்துக்கிட்டே போகணும்.

என் வீட்டுக்காரர் அந்த லைன்ல அயர்ன் பண்ணிட்டு இருந்தவர். லைனோட அவர் வேலையும் போச்சு. இப்ப மார்க்கெட்ல மூட்டை தூக்குறார், அதுவும் ஒரு நாள் இருந்தா ரெண்டு நாள் இல்ல. பையன் வெளியூர்ல படிக்கிறான். வீட்டுல நிலையான சம்பளம்னா என்னோடதும் என் நாத்தனாரோடதும்தான். நாத்தனார் இவருக்குத் தங்கச்சி. புருஷன் வேறொருத்தியைக் கூட்டிக்கிட்டுப் போனதும், கைக்குழந்தையோட எங்ககிட்ட வந்துட்டா. நான்தான் ஷெட்ல சேர்த்து விட்டேன். எங்க லைன்லயே இடுப்புப் பட்டி வைக்கிற மெஷின் அவளுக்கு. குழந்தைக்கு இப்ப நாலு வயசு. பகல்ல பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்குவாங்க. என்னை அத்தை அத்தைன்னு காலைச் சுத்திக்கிட்டே இருக்கும்.

ரெண்டு லைன் மூடினதுமே நாத்தனாருக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்ட் ஒருத்தன் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வச்சிருக்கான். அவன்கிட்ட போய்ப் பேசிட்டு வந்துட்டா.

"நம்ம லைனையும் மூடினா நான் போயிடுவேன் அண்ணி. பிள்ளையை நீங்க பார்த்துக்கணும்."

"எத்தனை வருஷத்துக்குடி?"

"மூணு வருஷம் நடுவுல விட மாட்டாங்களாம்."

"மூணு வருஷம் கழிச்சு வந்தா உன் பிள்ளைக்கு உன்னை அடையாளம் தெரியுமா?"

லைனை மூட மாட்டாங்க, சும்மா பயப்படாதேன்னு அதட்டி விட்டேன். மூட விடக்கூடாதுன்னு மனசுக்குள்ள முடிவும் பண்ணிட்டேன். எப்படின்னு மட்டும் தெரியலை.

அந்த நேரத்துலதான் ஒரு புது பேன்ட் வந்துச்சு. கட்டட வேலை, ரோட்டு வேலை பார்க்கிறவங்க போடுற கெட்டித் துணி பேன்ட். உடம்பெல்லாம் பாக்கெட். சாம்பிளுக்குக் கொஞ்சம் தைக்கணும்னு எங்க லைன்ல இறக்கினாங்க. டி-ஷர்ட்டும் லேசுத் துணி பேன்ட்டும் தைச்ச கைக்கு அது சரியான முரடு. ரெண்டு நாள் தடுமாறினோம். அப்புறம் கை பழகிடுச்சு. மூணாவது நாள் நொடி சார் வந்தார், வாட்சும் அட்டையுமா.

நாங்க என்ன செய்வோம்? என்னைக்கும் செய்யறதைச் செஞ்சோம். அன்னைக்கு எங்க நடிப்பு பிரமாதம்! துணியை நீவினோம், நூலை இழுத்துப் பார்த்தோம், பாக்கெட் மூலையைக் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தோம். நொடி சார் ஒவ்வொருத்தி பின்னாலயும் நின்னு குறிச்சுக்கிட்டுப் போனார். அவர் தலை மறைஞ்சதும் எல்லாரும் முந்தானையை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சோம்.

சிரிச்சு ஒரு வாரம் ஆகலை. டீ நேரத்துல சூப்பர்வைசர் அக்கா வந்தாங்க. அவங்களும் ஒரு காலத்துல எங்களோட உக்காந்து தைச்சவங்கதான். முகத்துல ஈயாடலை.

"பேன்ட் ஆர்டர் கிடைக்காது போல. நாம சொன்ன விலை ரொம்ப அதிகமாம். பக்கத்து நாட்டுலயே கொடுத்துக்கிறோம்னு பையர் சொல்லிட்டாங்க. இது வரலைன்னா மாசக் கடைசியில நம்ம லைனும் இல்ல."

"விலையை யாரு அதிகமாச் சொன்னா?" நான் கேட்டேன்.

"யாரும் வேணும்னு சொல்லலை. ஒரு பேன்ட் தைக்க எத்தனை நிமிஷம் ஆகுதோ, அதை வச்சுத்தான் விலை. அன்னைக்கு நொடி சார் டைம் எடுத்துட்டுப் போனாரே, அந்த நிமிஷம்தான்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. டீ கிளாஸைக் கீழ வச்சேன். டார்கெட்டுக்குன்னு நினைச்சு நாங்க ஆடின ஆட்டம், எங்க லைனுக்கே குழி தோண்டியிருக்கு. எங்களை யாரும் வந்து கெடுக்கலை, நாங்களே கெடுத்துக்கிட்டோம்.

"அது விலைக்கு எடுக்கிற டைம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"எனக்கே தெரியாதுடி. முதலாளி யார்கிட்டயும் சொல்லலை."

சுத்தி எல்லாரும் முதலாளியைத் திட்ட ஆரம்பிச்சாங்க. நானும் திட்டினேன், என் குரல்தான் மேல கேட்டிருக்கும். திட்டி முடிச்சதும் சொன்னேன், "சரி, திட்டியாச்சு. இப்ப போய் மறுபடியும் டைம் எடுக்கச் சொல்லுவோம். நிஜ வேகத்தைக் காட்டுவோம்."

கேன்டீன்ல ஆளாளுக்கு டீ கிளாஸை எடுத்துக்கிட்டாங்க.

முதல்ல வாயைத் திறந்தது என் நாத்தனார்தான். "காட்டிட்டா அப்புறம் அதுதான் டார்கெட்டு. என்னைக்கும். என்ன துணி வந்தாலும், எல்லா ஸ்டைலுக்கும். இத்தனை வருஷமா நம்ம கையில மிச்சம் இருக்கிறது அந்தக் கொஞ்ச மூச்சுதான் அண்ணி. அதையும் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்றீங்களா?"

"லைனே இல்லைன்னா மூச்சை வச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போற?"

"உங்களுக்கென்ன!" அவளுக்கும் கோபம் வந்துடுச்சு. எல்லார் முன்னாலயும் சொன்னா, "பார்டேக்ல உக்காந்திருக்கீங்க. பெடலை மிதிச்சா மெஷினே தைச்சுத் தள்ளும். நான் பட்டியில இருக்கேன். நிஜ வேகம் காட்டுன்னு சொல்றது சுலபம். என் கையைப் பாருங்க."

கையை நீட்டினா. மணிக்கட்டு வீங்கியிருந்துச்சு. உள்ளங்கை வரைக்கும் துணியைச் சுத்திக் கட்டியிருந்தா.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அவ சொன்னது பொய் இல்ல. பார்டேக்ங்கிறது பாக்கெட் மூலை, பெல்ட் மாட்டுற லூப் அடி இதெல்லாம் பிரியாம இருக்கக் குறுக்கே நெருக்கமாப் போடுற தையல். துணியைச் சரியா வச்சு மிதிச்சா போதும், மெஷினே போட்டு நூலையும் வெட்டிடும். லைன்லயே சுகமான சீட்டு அதுதான். நான் சீனியர், சண்டை போட்டு வாங்கி வச்சிருந்தேன். பட்டி அப்படி இல்ல. இடுப்புப் பட்டியை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு, அந்தக் கெட்டித் துணியை வளைச்சு வளைச்சுத் தள்ளணும். நல்ல கைக்கே சாயங்காலம் வலி எடுக்கும்.

அவ சொன்னது உறைச்சதனால எனக்கு இன்னும் கோபம்தான் வந்துச்சு. "இதைச் சொல்லிக்கிட்டே ஏஜென்ட்டுகிட்ட போ. பிள்ளையை என் தலையில கட்டிட்டுப் போ"ன்னு கத்திட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவ எழுந்து போயிட்டா.

அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் வந்தோம், ஆளுக்கொரு மூலையில. பஸ்ல நின்னுக்கிட்டே யோசிச்சேன். அவ பயப்படுறதுல தப்பே இல்ல. வாட்சைக் கொண்டுவந்து அவ முதுகுக்குப் பின்னால நிறுத்தினா அவ வேலை அன்னைக்கே போயிடும். அப்ப வாட்சு எங்க நிக்கணும்கிறதை நாமதான் சொல்லணும்.

மறுநாள் காலையில யாரையும் கேட்கலை. நேரா முதலாளி ரூமுக்குப் போயிட்டேன். கண்ணாடி ரூம். சுவத்துல பழைய சாம்பிள் சட்டையெல்லாம் ஹேங்கர்ல தொங்குது. முதலாளி கெட்டவர் இல்ல, நல்லவர்னும் சத்தியம் பண்ண மாட்டேன். ரெண்டு லைனை மூடினதுல இருந்து தாடி எடுக்காம இருந்தார்.

"என்னம்மா? சம்பளம் பத்திப் பேசணும்னா இப்ப வேண்டாம்."

"சம்பளம் இல்ல சார். அந்த பேன்ட்டுக்கு எடுத்த டைம் பொய்."

"நொடி சார் தப்பா எடுத்தாரா?" பாருங்க, நாங்க வச்ச பேரு அவர் வரைக்கும் போயிருக்கு.

"அவர் சரியாத்தான் எடுத்தார். நாங்கதான் மெதுவாத் தைச்சோம். வாட்ச் பின்னால நின்னா எப்பவும் மெதுவாத்தான் தைப்போம்."

அவர் பேனாவை மேஜையில வச்சுட்டு என்னையே பார்த்தார். "எப்பவும்னா?"

"எப்பவும்னா எப்பவும்தான் சார்."

"இத்தனை வருஷமா என் சோத்தைத் தின்னுக்கிட்டு என்னை ஏமாத்தியிருக்கீங்க!" எழுந்தே நின்னுட்டார்.

எனக்கும் சுர்ருன்னு ஏறிடுச்சு. "உங்க சோறு இல்ல சார், நாங்க தைச்சுத் தின்ன சோறு. மெதுவாத் தைச்சோம்னா ஏன் தைச்சோம்? வேகமாத் தைச்சா டார்கெட்டை ஏத்துவீங்க, சம்பளத்தை ஏத்த மாட்டீங்க. பேன்ட்டுக்கு எடுக்கிறது விலை சொல்றதுக்குன்னு ஒரு வார்த்தை எங்ககிட்ட சொன்னீங்களா? நீங்களும் மறைச்சீங்க, நாங்களும் மறைச்சோம். ரெண்டும் சேர்ந்து ஆர்டரைப் பக்கத்து நாட்டுக்கு அனுப்பிடுச்சு. இப்ப யாரு யாரை ஏமாத்தினாங்கன்னு பேசிக்கிட்டு இருப்போமா, பேன்ட்டைத் தைப்போமா?"

என் குரல் வெளியே கேட்டிருக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைப் அடிக்கிற பொண்ணு கையை நிறுத்திட்டா.

அவர் உக்காந்தார். தாடியைத் தடவிக்கிட்டே இருந்தார். "வேற விலை இருந்தா நாளைக்குள்ள சொல்லுன்னு பையர் சொல்லியிருக்காங்க"ன்னு மெதுவாச் சொன்னார். "உங்களால எவ்வளவு குறைக்க முடியும்?"

"காட்டுறோம். ஆனா நான் சொல்ற மாதிரிதான் எடுக்கணும். வாட்சு யாரு பின்னாலயும் நிக்கக்கூடாது. லைன் கடைசியில, செக்கிங் டேபிள்கிட்ட நிக்கட்டும். சாப்பாட்டு நேரம் வரைக்கும் எத்தனை பேன்ட் விழுதுன்னு எண்ணிக்கட்டும். எந்தக் கை வேகம், எந்தக் கை மெதுங்கிறது எங்க பாடு. அந்த வேகம் இந்த பேன்ட்டுக்கு மட்டும்தான். மத்த ஸ்டைல் டார்கெட்டைத் தொடக்கூடாது. இதைச் சாக்கா வச்சு யாரையும் மெஷினை விட்டு எழுப்பக் கூடாது."

"கண்டிஷன் போடுறியா எனக்கு?"

"ஆமா சார்."

அவர் சிரிக்கலை, கத்தவும் இல்ல. மூடின லைன் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துட்டு, "நாளைக்குக் காலையில தைங்க. சாப்பாட்டுக்கு அப்புறம் நான் போன் பண்ணணும்"னார். லைனுக்கு வந்து எல்லார் முன்னாலயும் இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கூட்டிக்கிட்டு வந்தேன். மனசே இல்லாம வந்தார். ஆனா ஒவ்வொண்ணா எல்லாத்தையும் சொன்னார். அப்பதான் பொண்ணுங்களுக்கு மூச்சே வந்துச்சு. நாத்தனார் மட்டும் குனிஞ்ச தலை நிமிரலை.

மறுநாள் காலையில நொடி சார் செக்கிங் டேபிள்கிட்ட ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்தார், பாவம், பின்னால போய் நிக்க ஆள் இல்லாம. பெல் அடிச்சுது. லைன் எடுத்துச்சு பாருங்க வேகம்! அடேங்கப்பா! அத்தனை வருஷம் கூட உக்காந்திருக்கேன், எங்களுக்கே எங்க வேகம் தெரியாது. பாக்கெட் வைக்கிறவ வைக்கிறா, துணி ஓரத்துக்கு ஓவர்லாக் அடிக்கிறவ அடிக்கிறா, பேன்ட் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா நகருது. ஒருத்தியும் துணியை நீவலை, ஒருத்தியும் நூலை இழுத்துப் பார்க்கலை.

பட்டி வரைக்கும்தான் நகர்ந்துச்சு. அங்க வந்து நின்னுடுச்சு.

பார்டேக் பட்டிக்கு அடுத்த சீட்டு. பட்டி வச்சாத்தான் எனக்கு பேன்ட் வரும். நான் வந்த நாலை மிதிச்சுத் தள்ளிட்டு அடுத்ததுக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். நாத்தனார் பக்கத்துல பேன்ட் மலையா ஏறுது. அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டுத் தள்ளுறா. நெத்தியில வேர்வை. ஒவ்வொரு பட்டிக்கும் நடுவுல கையை உதறுறா. லைன் மொத்தமும் பறக்குது, என் கை மட்டும் மடியில சும்மாக் கிடக்குது. செக்கிங் டேபிள்ல நொடி சார் வாட்சையும் பார்க்கிறார், வெறும் டேபிளையும் பார்க்கிறார்.

அவ சொன்னது அப்ப மறுபடியும் காதுல விழுந்துச்சு. உங்களுக்கென்ன. ஆமா, எனக்கென்ன? வேகமாத் தைப்போம்னு வாய் கிழியப் பேசிட்டு, சுகமான சீட்டுல உக்காந்துக்கிட்டு, அந்த வீங்கின கை எங்க எல்லாரையும் காப்பாத்தட்டும்னு பார்த்துக்கிட்டு இருக்கேன். சீ!

எழுந்தேன். "எழுந்திருடி."

அவ நிமிர்ந்து பார்த்தா. கண்ணு கலங்கியிருந்துச்சு. "முடியலை அண்ணி. நான் வெளியே போயிடுறேன். வேற யாராவது..."

"வெளியே எங்க போற? என் சீட்டுல போய் உக்காரு. காலால மிதிக்கிறதுதான், கைக்கு வேலை இல்ல."

சூப்பர்வைசர் அக்கா ஓடி வந்தாங்க. "ஏய் சைரன், டைம் ஓடிக்கிட்டு இருக்கு! நடுவுல சீட் மாத்தாதே! நீ பட்டி வச்சு எத்தனை காலம் ஆச்சு?"

"கை மறக்காது அக்கா. நகருங்க."

மறந்துதான் போயிருந்துச்சு. முதல் பட்டி கோணலாப் போச்சு. ரெண்டாவதுல ஊசி டக்குன்னு உடைஞ்சுது. மலை இன்னும் ஏறுது. பாக்கெட் வைக்கிறவ முன்னால இருந்து கத்துறா, "என்ன, சைரன் சத்தத்தையே காணோம்? கரன்ட் போச்சா?" எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு அழுகை ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். புது ஊசியை மாட்டினேன். பட்டியை இறுக்கிப் பிடிச்சேன். ஓடுடா சனியனேன்னு மெஷினைத் திட்டிக்கிட்டே மிதிச்சேன். மூணாவது நேரா வந்துச்சு. நாலாவது அதைவிட நேரா. அப்புறம் எண்ணலை. துணியும் மெஷினும் தவிர வேற எதையும் பார்க்கலை. கொஞ்ச நேரத்துல பக்கத்துல டக் டக்குன்னு பார்டேக் விழுற சத்தம் விடாம கேட்டுச்சு. நாத்தனாருக்கு பேன்ட் போய்க்கிட்டே இருக்குன்னு தெரிஞ்சுது. பாட்டு கேட்கிற மாதிரி அதைக் கேட்டுக்கிட்டே தைச்சேன். மலை பாதியாச்சு. அப்புறம் தரை தெரிஞ்சுது.

சாப்பாட்டு பெல் அடிச்சப்ப என்னால விரலைப் பிரிக்க முடியலை. நாத்தனார் வந்து ஒவ்வொண்ணாப் பிரிச்சு விட்டா.

நொடி சார் எண்ணி முடிச்சுட்டு அட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "இத்தனை காலமும் என்னை வச்சு நல்லாத்தான் விளையாடியிருக்கீங்கம்மா"ன்னார். கோபமா சந்தோஷமான்னு தெரியலை. அட்டையைத் தூக்கிக்கிட்டு கண்ணாடி ரூமுக்கு ஓடினார், அந்த மனுஷன் ஓடி அன்னைக்குத்தான் பார்த்தோம்.

அடுத்த நாள் முழுக்க ஒரு தகவலும் இல்ல. அதுக்கு மறுநாள் மதியத்துக்கு மேல முதலாளி லைனுக்கு வந்தார். தாடியை எடுத்திருந்தார். அதைப் பார்த்ததுமே புரிஞ்சுபோச்சு, மெஷினை எல்லாம் நிறுத்திட்டோம்.

"ஆர்டர் வந்துடுச்சு. இந்த சீசன் முழுக்க ஓடும். நல்லாத் தைச்சா அடுத்த சீசனும் பேசலாம்னு இருக்காங்க"ன்னார். கூச்சல் அடங்கினதும் சொன்னார், "ஆனா அன்னைக்கு எப்படி ஓட்டினீங்களோ அதேதான் ஓட்டணும். யாரு எந்த சீட்டுல இருந்தாங்களோ அப்படியே."

என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் பார்டேக் சீட்டு அன்னைக்கோட போச்சு. சண்டை போட்டு வாங்கின சீட்டு! வயிறு எரியாம இருக்குமா? எரிஞ்சுது. "அப்படியே சார்"னு சொல்லிட்டு அடுத்த பட்டியை எடுத்தேன்.

சாயங்காலம் பஸ்ல இருந்து இறங்கினதும் நாத்தனார் சொன்னா, "நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணி. நான் ஏஜென்ட் கடையில போய் வரலைன்னு சொல்லிட்டு வந்துடுறேன். இன்னைக்கே சொல்லிடணும், இல்லைன்னா மறுபடியும் பயம் வந்துடும்." சிரிச்சுக்கிட்டே ஓடினா. அவ சிரிச்சுப் பார்த்து எவ்வளவோ நாள் ஆச்சு.

நான் தனியா வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு வாசல் படியில குழந்தை உக்காந்திருந்துச்சு. என்னைப் பார்த்ததும் ஓடி வரும்னு கையை விரிச்சேன். வரலை. எழுந்து நின்னு என் பின்னால பார்த்துச்சு. தெரு முனை வரைக்கும் பார்த்துச்சு. அப்புறம் மெதுவா வந்து என் விரலைப் பிடிச்சுக்கிச்சு.

"அம்மா, தண்ணி வேணும்"னுச்சு.

"என்னடி சொன்ன?"

"தண்ணி வேணும் அம்மா."

"நான் அத்தைடி தங்கம். உங்கம்மா இப்ப வந்துடுவா."

இல்லைன்னு தலையை ஆட்டுச்சு. "நீங்க மட்டும் தனியா வந்தா அம்மா பிளேன்ல போயிட்டாங்கன்னு அர்த்தம். அப்ப உங்களை அம்மான்னு கூப்பிடணும். அழக் கூடாது. நான் அழலை பாருங்க."

நிஜமாவே அழலை. கண்ணை அகலமாத் திறந்து வச்சு, இமைக்காம, உதட்டை உள்ளே மடிச்சுக்கிட்டு நின்னுச்சு. என்னைக்குச் சொல்லித் தந்தாளோ, எத்தனை தடவை சொல்லித் தந்தாளோ பாவி, ஒரு வார்த்தை பிசகாம பிள்ளை ஒப்பிச்சுது.

நான்தான் அழுதேன். தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதேன். பையை அங்கேயே போட்டுட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். நடந்தேன் என்ன, ஓடினேன். அவ ஏஜென்ட் கடை வாசல்ல செருப்பை மாட்டிக்கிட்டு இருந்தா.

"அதோ பாரு உங்கம்மா! எங்கேயும் போகலை, பாரு!"ன்னு கத்தினேன். குழந்தை ஒரு நிமிஷம் நம்பலை. அப்புறம்தான் அவ மேல பாய்ஞ்சு, அடக்கி வச்சிருந்ததை எல்லாம் சேர்த்து அழுதுச்சு. நாத்தனார் ரோட்டுலயே உக்காந்துட்டா. அவளை நாலு வார்த்தை நல்லாக் கேட்கணும்னுதான் வந்தேன். ஒண்ணும் கேட்க முடியலை. ரெண்டு பேரையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில பெல் அடிக்கிறதுக்கு முன்னாடியே பட்டி மெஷின்ல போய் உக்காந்தேன். மணிக்கட்டு விண் விண்ணுன்னு தெறிச்சுது. தெறிக்கட்டும்னு முதல் பேன்ட்டை எடுத்து வச்சு மிதிச்சேன்.